ஊதாமல் விட்ட விசில்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் அதனதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் இங்கே சுகம் என்றே எழுதிவிடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதைவிட ஒரு படி மேலாகவே சுகமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் விட்டதா, பேத்திக்குக் காது வலி என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா, நீயாகவே சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருக்காதே, காது விளையாட்டுக் காரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. உன் தம்பி இதற்குள் போன் செய்திருப்பான், அவன் சொன்னால் பாதிதான் வெளியே வரும், மீதியை விழுங்கிவிட்டு அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று முடித்திருப்பான். நானே போனில் சொல்லலாம் என்றால் நீ நடுவில் சரிம்மா சரிம்மா என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பா போன அன்று நீ அழவில்லை. வர முடியாது என்றாய், லீவு டிக்கெட் என்று ஏதோ காரணம் சொன்னாய், நான் எதையும் காதில் வாங்கவில்லை. கடைசியில் சொன்ன ஒன்று மட்டும் நின்றது. "அவரோட ஆளுங்க எப்படியும் ஒரு கூட்டம் போடுவாங்கம்மா, அங்க அந்தக் கதையை மட்டும் யாரும் சொல்லக் கூடாது, அது அவரோடயே போகட்டும்" என்றாய். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்ன பார்த்துக்கொண்டேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். உனக்குப் பிடிக்காமல் போகலாம், முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

கூட்டத்தில் அவரைப் பற்றிச் சொன்னதில் பொய் அதிகம் இல்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். மீசை முளைத்ததும் முளைக்காததுமாகக் கடற்படையில் சேர்ந்தவர், கப்பலின் மேல்தளத்தில் கயிறு, நங்கூரம், படகு எல்லாம் அவர் பொறுப்பு, அவர் விசில் ஊதினால்தான் அங்கே ஆள் அசையும். ஓய்வு பெற்று வந்ததும் இந்தத் தெருவையே ஒரு கப்பலாக்கிக்கொண்டார். யார் வீடு மாறினாலும் மாடியிலிருந்து பீரோவைக் கட்டி இறக்க இவர் கயிறுதான், யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பக்கத்து ஸ்டூலில் இவர்தான், முடிவெட்டப் போனால் கடைக்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்பார், பஸ் டிரைவர்கள் நிறுத்தம் இல்லாத இடத்திலும் இவருக்காக நிறுத்துவார்கள். ரொட்டி வாங்கப் போனவர் ரொட்டியோடு இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருவார், இவங்களுக்கும் டீ போடு என்பார், அவர்கள் யார் என்பது எனக்கு டீ ஆறும்போதுதான் தெரியும், சில சமயம் அவருக்கே அப்போதுதான் தெரியும். வீட்டுக்கும் குறை வைக்கவில்லை. உங்கள் இருவருக்கும் நகம் வெட்டுவது அவர்தான், ஸ்கூல் ஷூவில் முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போடுவதும் அவர்தான், பின்பக்கக் கொடியில் அவர் போட்ட முடிச்சு இன்றைக்கும் கெட்டியாக இருக்கிறது, போட்டவர்தான் அவிழ்ந்து போய்விட்டார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. குடும்பத்தைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டவர் என்று மைக்கில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வழக்கம். ஒரு அறையில் நாலு பேர் சேர்ந்துவிட்டால் அந்த நாலு பேருக்கும் யாரையாவது அறுத்துப் பரிமாற வேண்டும் அவருக்கு. வந்தவர்களை அறுக்கமாட்டார், மரியாதை தெரிந்தவர். வீட்டிலிருந்துதான் எடுப்பார். கல்யாணமான புதிதில் நான் படகில் ஏறி வாந்தி எடுத்தது, உன் தம்பி திக்கித் திக்கிப் பேசுவது, எல்லாம் தட்டில் வந்திருக்கிறது. உன் தம்பி கூடச் சேர்ந்து சிரித்துப் பழகிவிட்டான், சிரித்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று கண்டுபிடித்தவன். நீதான் சிரிக்கவில்லை, அதனால் உன்னைத்தான் அடிக்கடி எடுத்தார்.

இப்போது அந்த நாள். நீதான் அங்கே நின்றவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்பாய். நீ நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாய், பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த விசில் விளையாட்டு எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா, லீவில் வீட்டுக்கு வந்தால் கழுத்துச் சங்கிலியில் தொங்கும், உள்ளங்கையை மூடித் திறந்தால் சத்தம் ஏறி இறங்கும் அந்தப் பித்தளை விசிலை எடுத்து நீளமாக உச்சத்தில் ஒரு ஊது ஊதுவார், அது 'நில்'. நீ ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோன நிலையில் இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும், பேசக் கூடாது, கண் திரும்பக் கூடாது. பிறகு மேலே ஒன்று கீழே ஒன்று என்று சின்னதாக இரண்டு ஊது ஊதுவார், அது 'போகலாம்'. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பொம்மை விசில் வாங்கிவந்து 'போகலாம்' ஊதி உன்னை ஏமாற்றிவிட்டார்கள். அன்றைக்கு அவர் உன்னை நாற்காலி மேல் நிற்க வைத்து, "யாரு வேணா ஊதட்டும், அப்பா ஊதினாத்தான் அசையணும், வேற யாரு ஊதினாலும் அது பொய்" என்று சத்தியம் வாங்கினார். அதற்கப்புறம் நீ யாரிடமும் ஏமாறவில்லை. அவருக்கு அதில் ஒரு பெருமை.

கப்பலுக்குக் குடும்பத்தார் வரலாம் என்று வருஷத்தில் ஒரு நாள் விடுவார்கள். அந்த வருஷம் உனக்கு எட்டு வயது, வெள்ளைக் கவுன், புது ஷூ. கேப்டன் யாரோ பெரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு படி ஏறினார், உன் அப்பா 'நில்' ஊதினார், தளத்தில் இருந்த அத்தனை பேரும் விறைத்து நின்றார்கள், நீயும் கப்பலின் பின்பக்கத்தில் கயிறு சுற்றும் உருளைக்குப் பக்கத்தில் நின்றாய். அந்த அதிகாரி அவரை ஏதோ கேட்கக் கூப்பிட்டுவிட்டார், அதனால் 'போகலாம்' ஊதியது அவருக்குக் கீழே வேலை பார்த்த இன்னொருவர். எல்லாக் குழந்தைகளும் கேக் மேஜைக்கு ஓடிவிட்டன. நீ ஓடவில்லை. அப்பா ஊதவில்லையே. நான் உன் தம்பிக்குப் பால் கொடுக்கக் கீழே இறங்கியிருந்தேன், நீ அப்பாவோடு இருப்பாய் என்று நினைத்தேன். அப்பா முன்பக்க நிழலில் சகாக்களோடு கதை பேசிக்கொண்டிருந்தார், நீ என்னோடு இருப்பாய் என்று அவர் நினைத்தார். உச்சி வெயில், இரும்புத் தளம். போகிற வருகிற மாலுமிகள் குழந்தை விளையாடுகிறது என்று சிரித்துக்கொண்டே போனார்களாம்.

நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணி ஏறி மேலே தலையை நீட்டியபோது உன் அப்பா அப்போதுதான் பின்பக்கம் வந்து உன்னைப் பார்க்கிறார். உன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். உன் கழுத்தெல்லாம் சிவந்து, முடி நனைந்து ஒட்டியிருக்கிறது. அவர் கை விசிலுக்குப் போனது, நான் பார்த்தேன். எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோகவும் செய்தார். அப்புறம் கீழே விட்டுவிட்டுத் திரும்பி, "டேய் எல்லாரும் வாங்கடா, வந்து பாருங்கடா என் பொண்ண" என்று கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது பெருமையில்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வந்தார்கள், சமையல்காரர் கரண்டியோடு வந்தார், ரேடியோ அறைக்காரர் வந்தார், அவர்களோடு இன்னும் ஒரு கும்பல். உன் அப்பா அதிகாரி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உன்னைச் சுற்றி வந்து, பேரு என்ன, எந்த கிளாஸ், ஜூஸ் வேணுமா என்று கேட்டார். 'நில்' என்றால் பேசக் கூடாது, நீ பேசவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. அப்போதுதான் உனக்கு அது நடந்தது. காலில் இறங்கி, சாக்ஸை நனைத்து, புது ஷூவைத் தாண்டித் தளத்தில் ஓடியது. சமையல்காரர் கரண்டியைத் தூக்கி, "கப்பல்ல தண்ணி ஏறுது, பம்ப்ப போடுங்கடா" என்று கத்தினார். நான் கும்பலை விலக்கிக்கொண்டு வருவதற்குள் உன் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு உன்னைக் கொடிக்கம்பம் மாதிரிப் பக்கவாட்டில் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு தளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லோரும் கை தட்டினார்கள். 'போகலாம்' ஊத மறந்துவிட்டார். வீடு வரும்வரை நீ வாயைத் திறக்கவில்லை, கோபம் என்று நினைத்தேன். ராத்திரி உனக்குக் கவுனைக் கழற்றும்போது கை மடங்கவில்லை, அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கோபமில்லை, நீ இன்னும் காத்துக்கொண்டிருந்தாய்.

அவர் சொன்ன கதையில் இதெல்லாம் கிடையாது. அதில் நீ தனியாக நிற்பாய், தானாகவே நனைந்துவிடுவாய், அவர் வந்து பார்த்துக் காப்பாற்றுவார். கும்பலைக் கூப்பிட்டது இருக்காது. அந்தக் கதை உன்னைவிட வேகமாக வளர்ந்தது. உன் வாத்தியார்களுக்குச் சொன்னார், நீ முதல் வேலையில் சேர்ந்த அன்று உன் மேலதிகாரிக்குச் சொன்னார், கொடிக்கம்பம் என்று வைத்த பெயர் தெரு முழுக்கப் போய்க் கடைக்காரர்கூட என்ன கம்பம் என்றுதான் கூப்பிட்டார். உன் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடித்தே காட்டினார். மாப்பிள்ளை சிரித்தார், அவர் பாவம், அவருக்குத் தெரியாது. நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய், வெகுநேரம் துடைத்தாய். அந்த வருஷமே வேலை தேடிக்கொண்டு கண்காணாத இடத்துக்குப் போனாய். வேலை அங்கதானே கிடைக்குது, நம்ம பொண்ணு கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொன்னார், உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். போன் செய்தால் எடுத்த எடுப்பில் என்ன கம்பம் என்பார். நீ போனை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுவாய். மாப்பிள்ளையோடும் நன்றாகத்தான் பேசுவார், உன் அப்பாவுக்கு யாராக இருந்தால் என்ன.

அப்புறம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. யாருடைய வாயைப் பிடுங்கினால் வலிக்குமோ அவருடைய வாயைத்தான் பிடுங்கியது அது, ஆள் பார்த்துத்தான் வந்திருக்கிறது. முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம், செருப்பு வைக்க இடமில்லை, நான் டம்ளர் கழுவிக் கழுவியே கை வெளுத்தேன். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தார்கள். அவர் ஆ ஆ என்றார். மெல்ல எழுந்தார்கள். அடுத்த மாதம் சமையல்காரரும் ரேடியோக்காரரும் மட்டும் வந்தார்கள், அப்புறம் அவர்களும் போனில் விசாரித்தார்கள், போனில் அவரால் பேச முடியாது என்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது. கதை சொல்லாத ஆளுக்கு என்ன மரியாதை. சன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிச் சைகை காட்டுவார், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட விசிலை ஊதுவார். ஒரு பக்க உதட்டில் காற்று நிற்காது, புஸ் என்று வரும். யாரும் திரும்ப மாட்டார்கள். கடைசியில் விசிலை என் வாயில் வைத்து ஊதச் சொன்னார். இடது கையால் என் விரல்களைப் பிடித்து மடக்கி, இப்படி மூடு, இப்படித் திற என்று நாள் கணக்கில் பழக்கினார், தப்பாக ஊதினால் முறைப்பார். எனக்கு இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வைதுகொண்டே கற்றுக்கொண்டேன், இரண்டும் நன்றாக வந்துவிட்டது.

இன்னொன்று, நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டது. அப்பா என்னைக் கேட்டாரா என்று ஒரு தடவை போனில் கேட்டாய், தெரியவில்லை என்றேன். தெரியாததை அப்படியே எழுதுகிறேன். கை காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள், கலகலவென்று பேசுகிறவள், அவளைக் கண்டால் அவர் முகம் மலரும். ஒரு நாள் அவளைத் தடுத்து நிறுத்தி, படுத்தபடியே உடம்பை விறைத்துக்கொண்டு கண்ணை நேரே வைத்தார், அப்புறம் இடது கையால் இடுப்புக்குக் கீழே காட்டி விரலைக் கால் வரைக்கும் இறக்கினார், பாதி வாயால் சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியாமல் தாத்தாவுக்குப் பாத்ரூம் போகணுமாம் என்று சொல்லிச் சிரித்தாள். அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டி என்னைப் பார்த்தார், நீ சொல் என்கிற மாதிரி. நான் சொல்லவில்லை. டம்ளரைத் தள்ளி உடைத்தார். அதற்குப் பிறகு யாரும் இல்லாதபோதும் என்னிடம் அதே மாதிரி செய்வார், விறைப்பார், விரலை இறக்குவார், வாசலைப் பார்ப்பார். சிரிப்பு இல்லாமல் செய்த நாட்களும் உண்டு. பேச்சு போன பிறகும் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாரா, இல்லை உன்னைத்தான் கேட்டாரா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உன்னைக் குறிக்க அவருக்கு வேறு சைகை இல்லை. வேறு எதையும் அவர் உன்னைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கவில்லை. நீ வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும். வராதது சரி என்றும் சொல்லமாட்டேன், தப்பு என்றும் சொல்லமாட்டேன், நீயும் அவர் பெண்தான், ஒரு இடத்தில் நின்றால் நகரமாட்டாய்.

கூட்டத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற மாலுமிகள் சங்க ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, கட்டிலைச் சுற்றி ஒரு மாதம்கூட உட்காராதவர்கள் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோக்காரர்தான் இப்போது சங்கச் செயலாளர், படத்துக்குப் பக்கத்தில் வைக்க அண்ணனுடைய விசிலைக் கொண்டுவாருங்கள் அண்ணி என்று முன்னமே சொல்லியிருந்தார். எடுத்துக்கொண்டு போனேன், பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. போனதும் செயலாளரையும் சமையல்காரரையும் ஓரமாகக் கூப்பிட்டு அந்தக் கதை வேண்டாம், மகள் வருத்தப்படுவாள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் ஐயோ அண்ணி, சொல்லவே மாட்டோம் என்றார்கள். ஆளுக்கு ஒருவராகப் பேசினார்கள், அழுதார்கள், நல்ல அழுகை, பயிற்சி எடுத்த மாதிரி. சமையல்காரர் கடைசியில் மேடை ஏறினார். புயலில் உன் அப்பா கயிறு வீசி ஆளைக் காப்பாற்றினதைச் சொன்னார், நானே கண்ணைத் துடைத்தேன். ஹால் அழுது ஓய்ந்தது, அமைதியாயிற்று, அந்த அமைதி சமையல்காரருக்குத் தாங்கவில்லை. சிரிக்க வைத்தே பழகிய கூட்டம் அது. "அவரு போனதுக்கு அழுதா அவருக்கே பிடிக்காது, அண்ணி கோவிச்சுக்கக் கூடாது, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், நம்ம கொடிக்கம்பம் இருக்குதே" என்றார். அந்தப் பெயரைக் கேட்டதுமே முன்வரிசையில் சிரிப்பு தொடங்கிவிட்டது. "அப்ப அது இத்தனூண்டு" என்று இடுப்பளவுக்குக் கையை நீட்டி உன் உயரத்தைக் காட்டினார். உன் தம்பி என் பக்கத்தில் வழக்கம்போலச் சிரிக்கத் தயாரானான்.

நான் எழுந்து 'நில்' ஊதினேன். நீளமாக, மூச்சு உள்ளவரைக்கும். நாற்காலிகள் பின்னால் தள்ளிப் போகும் சத்தம் கேட்டது, அத்தனை கிழவர்களும் எழுந்து விறைத்து நின்றார்கள். தடி வைத்திருந்தவர் தடியைத் தொடையோடு ஒட்டி நின்றார். எத்தனை வருஷமானாலும் உடம்பு அதை மறப்பதில்லை போலிருக்கிறது. அவர்கள் பெண்டாட்டிகள் மட்டும் உட்கார்ந்தபடி ஆளை ஆள் பார்த்தார்கள். சிலருக்குக் கண்ணில் நீர் வந்தது, அண்ணி என்னமா மரியாதை செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். சமையல்காரர் மைக் முன்னால் கையை இடுப்பளவில் நீட்டியபடி அப்படியே நின்றார், நான் மெதுவாக நடந்துபோய் அந்தக் கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கதையைச் சொன்னேன். நீ சொல்லக் கூடாது என்ற கதையை நானே சொன்னேன், உன் அப்பா சொன்ன மாதிரி இல்லை, மேலே உனக்கு எழுதிய மாதிரி, அவர் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோய்க் கீழே விட்டதையும், யாரெல்லாம் வந்தார்கள் என்பதையும், பம்ப் போடச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். அவர்கள் ஏசி ஹாலில் நின்றார்கள், நீ வெயிலில் நின்றாய், அதையும் சொன்னேன். அவசரப்படாமல் சொன்னேன், ஒன்றிரண்டு இடத்தில் முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் முழங்கால் நடுங்கியது, இன்னொருவர் பாத்ரூம் கதவைப் பார்த்துக்கொண்டு தொடையை இறுக்கிக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் அந்த வயதுதானே. யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்தபோது சமையல்காரர் நீட்டிய கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது, உதட்டை அசைக்காமல், "அண்ணி, உக்காரலாமா, முடியல" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது. இன்னும் ஊதலையே என்றேன். விசிலைப் பைக்குள் போட்டேன், நடுவழியாக நடந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன், நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

காரில் உன் தம்பி ரோட்டையே பார்த்து ஓட்டினான். வீட்டு வாசலில்தான், "ந-நல்லா இல்லம்மா நீ செஞ்சது" என்றான், மருமகள் மானம் போச்சு என்றாள். அவள் மானம் எங்கே வந்தது இதில் என்று கேட்டேன். நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் செயலாளர் உக்காருங்கப்பா என்று சொன்னாராம், எல்லோரும் உட்கார்ந்து டீ குடித்தார்களாம், பிஸ்கட் ஒன்றுகூட மிஞ்சவில்லையாம். அவர்களுக்கு உட்காரச் சொல்ல ஒரு செயலாளர் இருந்தார். மனசு ஆறியதா என்று கேட்டால் ஆறவில்லை, ஆனால் நன்றாக இருந்தது. உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், கோபம் வந்தால் வரட்டும். அவரை எனக்குப் பிடிக்கும், அதையும் எழுதிவிடுகிறேன், அவர் இல்லாமல் வீடு செத்துக் கிடக்கிறது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் டீத்தண்ணி வைக்க எழுந்துவிடுகிறேன். பிடிக்கும் என்பதால்தான் அங்கே சொன்னேன், பிடிக்காதவராக இருந்தால் படத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் பேசாமல் வந்திருப்பேன்.

கடைசியாக ஒரு விஷயம், இதையும் நடுவில் வெட்ட முடியாது. போன மாதம் வீடியோவில் பேசினோமே, மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்திருந்தார்கள், பேத்தி ஸ்கூல் மேடையில் பாட்டு மறந்து விழித்ததை நீ அவர்களுக்கு நடித்துக் காட்டினாய். கண்ணை உருட்டி, வாயைத் திறந்து, நன்றாகவே நடித்தாய், அப்பா மாதிரியே கையை வைத்தாய். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தேன். பின்னால் சோபா மூலையில் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. உனக்கு முதுகுப்பக்கம், உனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

விசிலை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். அவர் வாயிலும் என் வாயிலும் இருந்தது, வெந்நீரில் கழுவிவிட்டுத் தொடு. பேத்தி கையில் விளையாடக் கொடுக்காதே. மூன்று பேரும் நீண்ட நாள் ஒன்றாக, வயிறு நிறைந்து, நோய் நொடி இல்லாமல் இருக்க என் ஆசீர்வாதம். காது டாக்டரை மறக்காதே, இந்த வாரமே போ. நான் ஹாலில் ஊதாமல் விட்டதை உனக்காகத்தான் மிச்சம் வைத்திருக்கிறேன், ஊதத் தோன்றினால் ஊது, உள்ளங்கையை மூடி மேலே ஒன்று, திறந்து கீழே ஒன்று. அதற்கு அவ்வளவு மூச்சுதான் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா